சோழமண்டலக் கரைக் கதை எழுத: துபாஷியை நடுவில் நிறுத்துங்கள்

ஐரோப்பியரும் தமிழரும் எதிர்ப்படும் கதையை எழுத உட்காரும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1746இல் புதுச்சேரித் தெருவில் நடந்த எவருக்கும் இன்றைய பொருளில் ‘பண்பாடு’ என்ற சொல் தெரியாது. அது 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல். கோட்டைக்குப் போன நெசவாளி துணிக்குப் பாக்கி கேட்கப் போனார். அவரைக் கூப்பிட்ட துரைக்குக் கப்பல் கிளம்பும் கவலை. இந்த வகைக் கதைகள் பலவும் சப்பென்று போவதற்குக் காரணம், இந்தப் பாக்கியையும் கவலையையும் விட்டுவிட்டு, இரண்டு நாகரிகங்களை நாற்காலி போட்டு எதிரெதிரே உட்கார வைப்பதுதான்.

ஆகவே முதலில் ஒரு கொடுக்கல் வாங்கலைப் பிடியுங்கள். முன்பணம் வாங்கி நெய்த துணி, கோயில் சுவரை ஒட்டிய நிலம், கப்பலில் வந்த குதிரை, மருந்து, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கூலி என்று எதுவாகவும் இருக்கலாம். யார் யாருக்கு என்ன தரவேண்டும், எந்த நாளுக்குள், தராவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுத முடியவில்லை என்றால் கதை இன்னும் கைக்கு வரவில்லை.

ஊரும் ஆண்டும்

சோழமண்டலக் கரை முழுவதையும் ஒரு கதையில் அடைக்காதீர்கள். ஒரு கடற்கரை ஊர், மூன்று மாதம் போதும். சென்னை ஆங்கிலேயரிடம், புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம், தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரரிடம், நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தரிடம் (டச்சுக்காரரிடம்) இருந்தன. இவர்கள் எல்லோரையும் ‘வெள்ளைக்காரன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் கதையின் பாதி விஷயம் கையை விட்டுப் போய்விடும். அவர்களுக்குள் இருந்த பகையில்தான் உள்ளூர்க்காரர் தமக்கு வழி பார்த்துக்கொண்டார்.

அடுத்த வேலை நாள் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். பிரான்சு 1582லேயே புதிய காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. அதுவரை 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் தேதியில் 11 நாள் வித்தியாசம். சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் 1746 செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, நம் கணக்கில் அட்சய ஆண்டு புரட்டாசி மாதம். இன்றைய பஞ்சாங்கத்தை வைத்துத் தமிழ்த் தேதி போட்டாலும் பிழை வரும். அன்று சித்திரை முதல் நாள் இப்போதைவிடச் சுமார் நான்கு நாள் முன்னதாக வந்தது. ஒரு தாளில் மூன்று பத்தியாகக் கோடு கிழித்து, கதையின் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் எந்தத் தேதியைச் சொல்கிறது என்பதே அது யார் வீட்டுச் சோறு தின்கிறது என்று காட்டிவிடும்.

செய்தி வரும் வேகத்தையும் பாருங்கள். 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சமாதான உடன்படிக்கை ஆயிற்று. சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது 1749 ஆகஸ்டில். இந்த இடைவெளியில் ஒரு வியாபாரி யாருக்குக் கடன் கொடுப்பார், யாரிடம் வாங்கத் தயங்குவார்? ஒரு முழு நாவலுக்கு இந்தப் பத்து மாதமே போதும்.

துபாஷி

கதையின் எடை துபாஷி மேல்தான் விழவேண்டும். இரு மொழி தெரிந்தவர் என்பது பெயருக்கு. உண்மையில் அவர் தரகர், கடன் கொடுப்பவர், ஒற்று அறிபவர், சாதி வழக்குகளில் கை வைப்பவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். முழுவதும் முடியாவிட்டால் உங்கள் கதை நடக்கும் மூன்று மாதத்தையாவது தமிழ் மூலத்தில் படியுங்கள். கவர்னர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று வாய்ப்பேச்சாகவே போகும் பக்கங்கள் அதில் ஏராளம்.

மொழிபெயர்ப்புக் காட்சியை எழுதும்போது ஒவ்வொரு பேச்சையும் மூன்று முறை எழுதிப் பாருங்கள்: சொன்னது, துபாஷி மாற்றிச் சொன்னது, கேட்டவர் புரிந்துகொண்டது. ஐப்பசி நெருங்குகிறது, கிடங்கில் துணி தரம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளத்துணி ஒரு பீஸ் ஏறத்தாழ 72 முழம். துரை ஓரத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார், இழை தளர்ந்திருக்கிறது.

துரை சொல்வது: “பாதி தேறாது. திருப்பி அனுப்பு. கொடுத்த முன்பணத்தை வசூல் பண்ணு.”

துபாஷி சொல்வது: “முதலியாரே, துரைக்கு மனசில்லை. நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எல்லாத்தையும் எடுத்துக்குவார்.”

நெசவாளி சொல்வது: “ஐயா, பத்து நாளா மழை. தெருவில பாவு விரிக்க முடியல. கஞ்சி காயாம நூல் எப்படி நிக்கும்? இதுல விலையையும் குறைச்சா நாங்க எங்க போறது?”

துபாஷி துரையிடம் சொல்வது: “குறைந்த விலைக்குச் சம்மதிக்கிறான்.”

யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஆனாலும் ஒருவர் வயிற்றில் அடி விழுந்துவிட்டது. பாவாற்றுவதற்கு, அதாவது நெடுக்கு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைப்பதற்கு, வெயிலும் நீளமான தெருவும் வேண்டும் என்பது துரைக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முன் கப்பல் கரையை விட்டு விலகியாக வேண்டும் என்பது நெசவாளிக்குக் கதையாகக் கேட்டதுதான். அந்தப் பயமும் பொய்யல்ல: 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் புயலில் சிதைந்தன. இரண்டு பேரையும் நெருக்குவது ஒரே மழை. இரண்டும் தெரிந்தவர் துபாஷி ஒருவரே. அவர் அதைக் காசாக்குகிறார். இந்தக் காட்சிக்குக் கீழே ‘இரு உலகங்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை’ என்று ஒரு வரி எழுதக் கை நீளும். எழுதாதீர்கள்.

எந்த மொழியில் பேசினார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் கரையில் வியாபாரப் பேச்சு பெரும்பாலும் உடைந்த போர்த்துகீசியத்தில் நடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரி சீகன்பால்கு தமிழோடு அதையும் கற்றார். தமிழ் எழுத்தை அவர் பழகியது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி. இப்படி ஒரு காட்சி, மதம் பற்றிய பத்துப் பக்க விவாதத்தைவிட நெடுநாள் மனத்தில் நிற்கும். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டியூப்ளேயின் மனைவி அந்த ஊரிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். தமிழ் தெரியாது என்று நினைத்து அவர் முன்னால் வாய்விட்டவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லும் பொருளும்

பழைய காலம் என்பதற்காகச் செந்தமிழில் பேச வைக்க வேண்டாம். அது மேடை நாடகம் ஆகிவிடும். இன்றைய பேச்சில் இருந்து புதுச் சொற்களை மட்டும் களைந்தால் போதும். மேசை, அலமாரி, சன்னல், சாவி, பாதிரி, ஏலம் எல்லாம் போர்த்துகீசியம் தந்தவை, தயங்காமல் போடலாம். கக்கூசும் துட்டும் ஒல்லாந்தர் கொடை. இந்தச் சொற்களே ஒரு சந்திப்பின் தழும்புகள். பாத்திரங்கள் அவற்றை அறியாமல் பேசிக்கொண்டு போகட்டும், நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம்.

பணத்தை ரூபாயில் போடுவது அடிக்கடி வரும் தவறு. வராகன், பணம், காசு என்பதே கணக்கு. சென்னைக் கம்பெனிக் கணக்கில் பிற்காலத்தில் 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். விகிதம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றத்தில் லாபம் பார்த்த சராபு, அதாவது நாணயம் மாற்றுபவர், கதைக்குள் வரத் தகுந்த ஆள். நேரத்துக்கு நாழிகை: 24 நிமிடம் ஒரு நாழிகை, நாளுக்கு 60. கோட்டைக்குள் மணி, வெளியே நாழிகை என்று பிரித்து வையுங்கள்.

நெசவாளி வீட்டில் காப்பி, தக்காளி, தீப்பெட்டி வேண்டாம். மிளகாய் இருக்கலாம். கப்பலிலிருந்து யாரும் பலகை வைத்து இறங்கவும் முடியாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அன்று துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில் வரவேண்டும். ஆணி அடித்த படகு அலையில் பிளந்துவிடும் என்பதால் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். கரை சேரும்வரை துரையின் உயிர் படகோட்டிகள் கையில். முதல் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

திருத்தும்போது

சிவப்பு மை எடுத்து, கதைசொல்லி நம் வழக்கத்தை விளக்கும் வரிகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ‘பொங்கல் என்னும் அறுவடைத் திருநாள்’ என்று எழுதியிருந்தால், தமிழ் வாசகரை விட்டுவிட்டு வேறு யாருக்கோ எழுதுகிறீர்கள். தமிழ்ப் பாத்திரத்தின் கண்ணில் விளங்காமல் நிற்க வேண்டியது துரையின் வழக்கம்: அவர் ஏன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் துணியில் துடைக்கிறார், செத்தவரை ஏன் வழிபடும் இடத்துக்குள்ளேயே புதைக்கிறார். அவற்றுக்கும் விளக்கம் தராதீர்கள். பார்த்தவர் திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிச் சிரித்தார் என்பதை எழுதுங்கள்.

கடைசியாகக் கணக்கைச் சரிபாருங்கள். முதல் பக்கத்தில் கொடுத்த முன்பணம் எத்தனை வராகன், துபாஷி எடுத்தது எவ்வளவு, நெசவாளி வீட்டுக்குக் கொண்டுபோனது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கும்போது தொகை உதைத்தால், உதைக்கும் இடத்தில் யாரோ ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். அது யார் என்று தெரியும்வரை கதையை வெளியே அனுப்பாதீர்கள்.