குறைத்த எடையைத் தக்கவைத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடையைக் குறைத்து முடித்தவர்களுக்கு அதன் பிறகான ஓரிரு ஆண்டுகள் துணைநிற்பது என் பணியின் பெரும்பகுதி. நானும் எடை குறைத்து அதைக் காத்துவருவதால், புதிதாக இலக்கை எட்டியவர்கள் நான் அன்று இடறிய அதே இடங்களில் வந்து இடறுவதைப் பார்க்கும்போது ஆதங்கமாக இருக்கிறது. அந்த ஆதங்கமே இதை எழுதவைக்கிறது. இனிப்பைக் குறைக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், பொரித்ததைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பல கிலோ எடையைக் குறைத்துக் காட்டியவருக்கு அவை ஏற்கெனவே தெரியும். தெரிந்தவர்களே தவறும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கை எட்டியதும் பழைய அளவுக்குத் திரும்புதல்

எடை குறையும்போது உடலின் அன்றாட ஆற்றல் தேவையும் சேர்ந்தே குறைகிறது. சுமக்க வேண்டிய உடல் சிறியதாகிவிட்டது என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் உடலின் அளவை வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் அளவைவிடவும் செலவு கீழே இறங்கிவிடுகிறது என்பதே பலர் அறியாத பகுதி. அமெரிக்காவில் எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றல், அவர்களுடைய உடலளவுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. மிகக் கடுமையான பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்த போட்டி அது என்பதால் எல்லோருக்கும் இதே அளவு நேரும் என்று கொள்ள வேண்டியதில்லை. உடல் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை அறிய அது போதும்.

பசியின் கதை இதைவிடக் கடினமானது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைய, உண்ணும் நாட்டமோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது என்று அதே ஆண்டில் ஹால் குழுவினரின் மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட முடிவுகளும் இதையே உறுதிசெய்கின்றன: வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லுவதில் பங்குள்ள லெப்டின் என்ற ஹார்மோன் ஓராண்டு கழிந்த பின்னும் தாழ்ந்தே இருந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருந்தது. ஆகவே இலக்கை எட்டிய மறுநாளே "இனி வழக்கம்போல் சாப்பிடலாம்" என்று தொடங்குபவர், முன்பைவிடக் குறைவாகச் செலவழிக்கும் உடலையும் முன்பைவிடக் கூடுதலாகக் கேட்கும் பசியையும் வைத்துக்கொண்டு பழைய அளவை உண்கிறார். உணவைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் அதை வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, எடை எங்கே நிலைகொள்கிறது என்று பார்த்து நிறுத்த வேண்டும். இந்தத் தேடலுக்கு இரண்டு மூன்று மாதங்களை ஒதுக்குவது நியாயமானது. எடை குறைக்கும் திட்டத்தின் கடைசி வாரத்தோடு ஆலோசனையும் முடிந்துபோவதால், இந்தப் பருவத்தைப் பெரும்பாலோர் தனியாகவே கடக்கிறார்கள்.

எடை கூடியது தெரிந்ததும் எடைக்கருவியை ஒதுக்கிவைத்தல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைச் சினம்கொள்ள வைக்கும் தவறு இதுதான். அந்தச் சினம் அந்த மனிதர்கள் மீதானதன்று. தொடக்கத்தில் இரண்டே வாரங்களில் சரிசெய்துவிடக்கூடிய ஒன்று, வெறும் அச்சத்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பை விழுங்கிவிடுகிறதே என்பதுதான் என்னை வாட்டுகிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி 14 கிலோ குறைத்து, ஏழெட்டு மாதங்கள் அதை அருமையாகக் காத்துவந்தார். உறவினர் வீட்டில் நான்கு நாள்கள் தங்கித் திரும்பிய காலையில் கருவியில் ஏறியபோது இரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகக் காட்டியிருக்கிறது. அன்றே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மாதச் சந்திப்புக்கும் வரவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து வந்தபோது ஒன்பது கிலோ திரும்பியிருந்தது. "கொஞ்சம் குறைத்துவிட்டு உங்களைப் பார்க்க வரலாம் என்றிருந்தேன்" என்றார். ஏறக்குறைய இதே சொற்களை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எடை குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர், அது குறையவில்லை என்பதை அறியும் ஒரே வழியையும் சேர்த்து மூடிவிடுகிறார்.

அந்த இரண்டு கிலோ எதனால் ஆனது என்று அவரோடு உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். அப்படியானால் நான்கு நாள்களில் இரண்டு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் 15,000 கலோரிக்கும் அதிகமாக, அதாவது அன்றாடத் தேவையோடு ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 4,000 கலோரி கூடுதலாக உண்டிருக்க வேண்டும். அவர் அவ்வாறு உண்ணவில்லை. உண்மையில் நடந்தது வேறு. மாவுச்சத்து கூடும்போது தசையும் கல்லீரலும் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் தங்குகிறது. உப்பு மிகுந்த உணவு மேலும் நீரைப் பிடித்துவைக்கிறது. பயணத்தில் மலச்சிக்கல் வந்தால் அதுவும் எடையில் சேரும், மாதவிடாய்க்கு முந்திய நாள்களும் அப்படியே. வழக்கமான உணவுக்குத் திரும்பியிருந்தால் அவருடைய இரண்டு கிலோவில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் தானாக இறங்கியிருக்கும். எஞ்சிய சிறு பகுதிக்கு இன்னும் இரண்டு வாரக் கவனம் போதுமாக இருந்திருக்கும். இதை ஒருவரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதில் என்னைப் போன்றவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. அதன் பிறகு, இலக்கை எட்டும் முன்பே ஒவ்வொருவரிடமும் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டுகிறேன்.

எடை பார்ப்பதன் பயன் வெறும் நம்பிக்கையில் நிற்பதன்று. ரெனா விங் தலைமையில் நடந்து 2006இல் வெளியான சோதனையில், உடலெடையில் பத்து சதவீதமாவது குறைத்திருந்த 314 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதங்கள் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு மடல்கள் மட்டும் அனுப்பப்பட்டன. மற்ற இரு குழுக்களுக்கு, நேரிலோ இணையம் வழியாகவோ, எடையைத் தாமே கவனித்து, அது ஏறியதும் உடனே செயல்படக் கற்றுத்தரப்பட்டது. எடை பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிலைகளில் எதில் இருக்கிறது என்று அவர்களே பார்த்து அதற்கேற்ப நடக்க வேண்டும். மடல் மட்டும் பெற்ற குழுவில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பிவர, நேரில் பயிற்சி பெற்ற குழுவில் அது 46 சதவீதமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களுள் நாள்தோறும் எடை பார்த்தவர்களுக்கு எடை திரும்பும் வாய்ப்பு குறைவாக இருந்ததும் அதில் பதிவாகியுள்ளது.

நான் கற்றுத்தரும் முறையும் இதையொட்டியதுதான். காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்த பின், எதையும் உண்ணாமலும் பருகாமலும், ஏறக்குறைய ஒரே வகை உடையில், கடினமான சமதளத் தரையில் வைத்த ஒரே கருவியில் எடை பாருங்கள். எண்ணை எழுதிவைத்துவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள். நாளுக்கு நாள் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு என்பதால், வாரச் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இலக்கு எடைக்கு இரண்டு கிலோ மேலே ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். வாரச் சராசரி அந்தக் கோட்டைத் தொட்டால் என்ன செய்வது என்பதை, தொடுவதற்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் எழுதிவையுங்கள். நான் பரிந்துரைப்பது மிக எளியது: இரண்டு வாரம் உண்பதையெல்லாம் குறித்துவைத்தல், உணவுகளுக்கு இடையே கொறிப்பதை நிறுத்துதல், நடையை அரை மணி நேரம் கூட்டுதல். எடை ஏறிய நாளன்று கலங்கிய மனத்தோடு புதிதாகத் திட்டம் தீட்டுபவர் பட்டினியையே தேர்ந்தெடுக்கிறார்; அது மூன்றாம் நாள் மிகையாக உண்பதில் முடிகிறது.

உண்ணுதல் தொடர்பான மனநலச் சிக்கல் முன்பு இருந்தவர்களுக்கும், எண்ணைப் பார்த்ததும் உணவைத் துறக்கத் தோன்றுபவர்களுக்கும் நாள்தோறும் எடை பார்ப்பது பொருந்தாது. அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் வேறு அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும்.

தசையை மறந்துவிடுதல்

உணவைக் குறைத்து மட்டும் இழக்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும். அதில் தசையும் அடக்கம். எடை திரும்பும்போது கொழுப்பு எளிதாகத் திரும்பிவிடுகிறது, தசையோ உழைப்பில்லாமல் திரும்புவதில்லை. இதனால் குறைப்பதும் கூடுவதுமாகப் பலமுறை போய்வந்தவர், அதே எடையிலேயே முன்பைவிட வலுவிழந்தவராக நிற்க நேரிடுகிறது, அதுவும் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகளுக்கு வேலை தரும் வலுப்பயிற்சியும், ஒவ்வொரு வேளையிலும் போதிய புரதமும் பராமரிப்புக் காலத்திலும் தொடர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

எடை குறைந்துவிட்டது, இனி நடை எதற்கு என்று எண்ணுதல்

எடையைக் குறைப்பதில் உணவே முதன்மையானது. குறைத்ததைக் காப்பதில் உடலுழைப்பின் பங்கு பெருகுகிறது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் பதிவேடு என்பதால் இதை அப்படியே காரண-விளைவாகக் கொள்ள முடியாது. ஆயினும் என்னிடம் வருபவர்களில் ஐந்தாறு ஆண்டுகள் நிலைத்தவர்களை எண்ணிப்பார்த்தால், நடையையோ வேறொரு பயிற்சியையோ கைவிட்டவர் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

வாரநாளில் கட்டுப்பாடு, விடுமுறையில் விடுதலை

ஐந்து நாளில் மிச்சம் பிடித்ததைத் தீர்க்க இரண்டு நாள் போதும்.

மருந்தைத் தானாகவே நிறுத்துதல்

செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகளால் எடை குறைத்தவர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். இலக்கை எட்டியதும் மருத்துவரிடம் சொல்லாமல் ஊசியை நிறுத்திவிட்டு, சில மாதங்களில் கலங்கிப்போய் நிற்கிறார்கள். 68 வாரம் அந்த மருந்தைப் பெற்றவர்கள், அதையும் அதனோடு வழங்கப்பட்ட வாழ்க்கைமுறை ஆலோசனையையும் நிறுத்திய பின் ஓராண்டுக்குள், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து பசியை அடக்கிவைத்திருந்தது. அது விலகியதும் மேலே சொன்ன லெப்டினும் கிரெலினும் தம் வேலையைத் தொடர்கின்றன. உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும் என்று எவரும் வியப்பதில்லை. செலவு, பக்கவிளைவு, கருத்தரிக்கும் எண்ணம் என நிறுத்துவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நிறுத்தும் நாளுக்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி, உணவுக்கும் பயிற்சிக்கும் எடை கண்காணிப்புக்கும் ஒரு திட்டத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மன உறுதி போதவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்ளுதல்

ஹார்மோன்களின் தள்ளலுக்கு ஒழுக்கக்குறைவு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆலோசனைத் தொடர்பை அறுத்துக்கொள்ளுதல்

எடை குறைந்துகொண்டிருக்கும் மாதங்களில் வாரந்தோறும் வந்து பெருமையோடு எண்ணைக் காட்டியவர்கள், அது நிலைகொண்டதும் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத மாதங்களைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினாலும் போதும். ஊட்டச்சத்து நிபுணர் கிடைக்காத இடத்தில், எடைக் குறிப்பேட்டை ஒளிக்காமல் காட்டக்கூடிய ஒரு நண்பரோ வீட்டாரோ அந்த இடத்தை நிரப்பலாம். எவரிடம் காட்டுவதானாலும் முன்கூட்டியே அவரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: எண் ஏறியிருந்தால் கடிந்துகொள்ளாமல், எழுதிவைத்த திட்டத்தை எடுத்து அதில் முதலில் உள்ளதை இன்றே தொடங்கிவிட்டீர்களா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.