டேட்டா செலவில்லாமல் போனிலிருந்து கணினிக்குக் கோப்பு அனுப்புவது எப்படி?

தைப்பூசத்தன்று டர்பன் பக்கம் கிளேர்வுட்டிலோ மவுண்ட் எட்ஜ்கம்பிலோ காவடி பார்த்துத் திரும்புகிறவர்களின் போனில் 20 நிமிட வீடியோவாவது இருக்கும். ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால், வழக்கமான ஹெச்இவிசி வடிவத்தில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். 20 நிமிடத்துக்கு 3.4 ஜிபி. அதை டேட்டாவில் கூகுள் டிரைவுக்கு ஏற்றி, அதே டேட்டாவில் கணினிக்கு இறக்கினால் 6.8 ஜிபி கரைந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் மொபைல் டேட்டாவின் விலை மிக அதிகம் என்று போட்டி ஆணையமே 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்த நாடு இது. ஒரே மேசைமேல் இருக்கும் போனுக்கும் கணினிக்கும் நடுவே அவ்வளவு டேட்டாவைக் கொட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது பலருடைய பழக்கம். அதில் செலவைவிடப் பெரிய இழப்பு, படத்தின் தரம். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. கொள்ளுத்தாத்தாவின் பழைய தாளில் மங்கிய மையில் கிடக்கும் அந்த எண்ணைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிவிடும். 3 எது, 8 எது என்று பிறகு பிரித்தறிய முடியாது. படம் எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்போது மூலக்கோப்பு அப்படியே போகும். ஆனால் கீழே வரும் வழிகள் எல்லாவற்றிலும் மூலக்கோப்பு அப்படியேதான் போகிறது, டேட்டாவும் செலவாவதில்லை.

இணையம் வேறு, வைஃபை வேறு

இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது. வீட்டு ரவுட்டர் இரண்டு வேலை செய்கிறது. வீட்டிலுள்ள கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பது ஒரு வேலை, அவற்றை வெளியே இணையத்தோடு சேர்ப்பது இன்னொரு வேலை. ஃபைபர் அறுந்தாலும், மாதக் கட்டணம் கட்டாவிட்டாலும் முதல் வேலை நிற்காது. ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், போனிலிருந்து கணினிக்குக் கோப்பு போகும்.

எதைப் பயன்படுத்துவது?

ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எல்லாக் கருவிகளும் கலந்து கிடக்கும் வீட்டுக்கு லோக்கல்சென்ட் என்ற செயலிதான் எங்கள் முதல் தேர்வு. இலவசம், விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்க வேண்டாம். நிரல்மூலம் திறந்தே இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம். கோப்பு பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது.

போனிலும் கணினியிலும் நிறுவுங்கள். இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்து, இரண்டிலும் செயலியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அது தானாக ஒரு வேடிக்கையான ஆங்கிலப் பெயர் சூட்டும். வீட்டில் நான்கைந்து போன்கள் இருந்தால் குழப்பம் வரும் என்பதால் செட்டிங்ஸில் ‘அம்மா போன்’, ‘பெரிய கணினி’ என்று மாற்றிவிடுங்கள். அனுப்பும் கருவியில் ‘சென்ட்’ பக்கத்துக்குப் போய்ப் படங்களையோ ஃபோல்டரையோ தேர்ந்தெடுத்தால், கீழே மற்றக் கருவியின் பெயர் தெரியும். அதைத் தொட்டு, பெறும் பக்கத்தில் ‘அக்செப்ட்’ கொடுத்தால் முடிந்தது. விண்டோஸில் வந்த கோப்புகள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும். வேறு இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

வேலை முடியும்வரை போனின் திரை அணையக் கூடாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும், 2 ஜிபி போனபிறகு பாதியில் நின்றுவிடும். திரை அணையும் நேரத்தை 10 நிமிடத்துக்கு மேல் வைத்து, பேட்டரி சேவரையும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றக் கருவியின் பெயர் தெரியவில்லையா?

பத்தில் ஒன்பது பேர் கைவிடும் இடம் இதுதான். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், இரண்டும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில்தானா? ஒரே ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றும் 5 கிகாஹெர்ட்ஸில் மற்றொன்றும் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆனால் ஒன்று ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால் நடக்காது. கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பிரித்து வைப்பதுதான். ஷாப்பிங் மால், காபிக்கடை வைஃபைகளிலும் பெரும்பாலும் இதே பிரிப்பு இருக்கும். அங்கே முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது விண்டோஸ். புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அதைப் பொது இடமாகக் கருதி ‘பப்ளிக்’ என்று குறித்துக்கொள்ளும். அப்போது ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை மறித்துவிடும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதில் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். வீட்டு வைஃபைக்கு மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கும். லோக்கல்சென்டுக்காக 53317 என்ற போர்ட்டை (செயலி தகவல் வாங்கும் வழியை) அதில் திறந்துவிடுங்கள்.

ஐபோனில் முதன்முறை செயலி கேட்கும் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியை அவசரத்தில் மறுத்துவிட்டால் அது பிறகு கேட்காது. செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் லோக்கல் நெட்வொர்க் பட்டியலில் போய் நீங்களே இயக்க வேண்டும். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் தெரியாவிட்டால் முகவரியைக் கையால் கொடுக்கலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டச்சிடுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்தான் கணினியின் முகவரி. போனில் லோக்கல்சென்டின் ‘சென்ட்’ பக்கத்தில், முகவரியை நேரடியாக இடுவதற்கான குறியைத் தொட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். எண் 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை என்று பொருள். வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

லோட் ஷெடிங் நேரத்தில்

2023இல் ஏறக்குறைய தினமும் இருட்டில் உட்கார்ந்த நாடு இது. அதற்குப் பின் நிலைமை மாறினாலும், கேபிள் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும் இன்னும் மணிக்கணக்கில் விளக்கை அணைக்கின்றன. லேப்டாப்பிலும் போனிலும் பேட்டரி இருக்கும்போது கோப்பு அனுப்ப மின்சாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ரவுட்டருக்குச் சின்ன டிசி யூபிஎஸ் வைத்திருந்தால் அதுவே போதும். இணையமும் வேண்டுமென்றால் ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் தர வேண்டும். கோப்பு அனுப்ப மட்டும் என்றால் ரவுட்டர் ஒன்றுக்குத் தந்தால் போதும், பேட்டரியும் கூடுதல் நேரம் வரும். யூபிஎஸ் வாங்குமுன் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், சில 9 வோல்ட். வோல்ட் மாறினால் ரவுட்டர் போய்விடும்.

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ரவுட்டர் ஓடும், இணையம் இருக்காது. ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று கண்ட ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். கணினியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அறிவிப்பு வரும்போது அதைத் தொட்டு, இணைப்பிலேயே இருக்கச் சொல்லுங்கள். அல்லது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

ரவுட்டரே இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி லேப்டாப்பை அதில் சேருங்கள். ஹாட்ஸ்பாட் ஓட மொபைல் டேட்டா தேவையில்லை. டேட்டாவை அணைத்தே வையுங்கள். இல்லையென்றால் லேப்டாப் ‘வைஃபை கிடைத்துவிட்டது’ என்று நினைத்து விண்டோஸ் அப்டேட்டையும் ஒன்டிரைவையும் உங்கள் காசில் இறக்கத் தொடங்கும். ஹாட்ஸ்பாட்டில் லோக்கல்சென்ட் தானாகக் கண்டுபிடிக்காமல் போவதுண்டு. அப்போது லேப்டாப்பில் அதே ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் தெரியும் எண்தான் போனின் முகவரி; லேப்டாப்பிலிருந்து அனுப்ப அதைக் கொடுங்கள், போனிலிருந்து அனுப்ப முன்போலவே ‘ஐபிவி4 அட்ரஸ்’ எண்ணைக் கொடுங்கள்.

ஐபோனில் மொபைல் டேட்டாவை அணைத்தால் ஹாட்ஸ்பாட்டும் நின்றுவிடும். ஆகவே லேப்டாப்பில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை இயக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். விண்டோஸ் அப்டேட்டைப் பெருமளவு அடக்கி வைக்க அது உதவும்.

செயலி நிறுவாமல்: ஐபோனும் விண்டோஸும்

கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால், ஐபோனில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்ஸ் செயலியே அதைத் திறக்கும். ஃபோல்டர்மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். உங்கள் பெயருக்கு ‘ரீட்/ரைட்’ அனுமதி கொடுங்கள். ஐபோனின் ஃபைல்ஸில் ‘பிரவுஸ்’ பக்கத்தின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘கனெக்ட் டு சர்வர்’ என்பதில் எஸ், எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு கணினியின் எண் முகவரி என்று இடைவெளியில்லாமல் கொடுங்கள்.

அது கேட்கும் கடவுச்சொல்லில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸைத் திறக்க நீங்கள் தினமும் அடிக்கும் நான்கிலக்க பின் இங்கே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் முழுக் கடவுச்சொல்லும் வேண்டும். அது நினைவில் இல்லாவிட்டால் கணினியில் இதற்கென்று கடவுச்சொல்லோடு ஒரு லோக்கல் கணக்கைத் தொடங்கி, ஃபோல்டரை அந்தப் பெயருக்குப் பகிருங்கள்.

மற்ற வழிகள், சுருக்கமாக: ஐபோனும் மேக்கும் என்றால் ஏர்டிராப்பே போதும், இரண்டிலும் வைஃபை, ப்ளூடூத் இரண்டும் இயங்க வேண்டும், ஹாட்ஸ்பாட் அணைந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் என்றால் கூகுளின் குயிக் ஷேர் நன்று. 2024 ஜனவரிவரை நியர்பை ஷேர் என்றிருந்தது இதுதான். கணினியில் ப்ளூடூத் இல்லாவிட்டால் வேலை செய்யாது. வெறும் ப்ளூடூத்தை மட்டும் நம்பி வீடியோ அனுப்ப வேண்டாம்: நொடிக்கு 2 மெகாபிட் அளவில் போனால் 1 ஜிபிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

முன்னறையில் ரவுட்டர், கொல்லைப்புற அறையில் கணினி, நடுவில் இரண்டு செங்கல் சுவர் என்று கட்டிய வீடுகளில் கருவி தானாக 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நொடிக்கு 5 எம்பி கிடைத்தால் 10 ஜிபி போக 33 நிமிடம். ரவுட்டருக்குப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தால் அதே 10 ஜிபிக்கு 6 நிமிடம்கூட ஆகாது. ஆகவே போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ரவுட்டர் இருக்கும் அறைக்குப் போய்விடுங்கள்.

அதைவிட நல்ல வழி, கணினியை ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளால் இணைப்பது. இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் போனிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒருமுறை என்று ஒரே அலைவரிசையை இருமுறை பிடிக்கும். ஒரு பக்கம் கேபிளானால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

விண்டோஸில் நீளமாகத் தமிழில் பெயரிட்ட கோப்பை ஆண்ட்ராய்டுக்கு அனுப்பும்போது, பெயர் நீளம் என்று போன் மறுக்கலாம். ஆண்ட்ராய்டில் பெயருக்கு 255 பைட் எல்லை; ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதிலும் ‘க்’ என்பது ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகக் கணக்காகி ஆறு பைட் பிடிக்கும். பெயரை 40 எழுத்துக்குள் நிறுத்துங்கள், தொல்லையில்லை.

ஐபோன் படம் விண்டோஸில் திறக்கவில்லையென்றால் அது ஹெச்இஐசி வடிவம், கோப்பு கெடவில்லை. இனி எடுக்கும் படங்களுக்கு செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றலாம். பிறகு வீடியோ கூடுதல் இடம் பிடிக்கும்: 1080பி தரத்தில் நிமிடத்துக்கு 60 எம்பியாக இருந்தது 130 எம்பி ஆகும். வந்த வீடியோவைக் கணினியிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றும்போது 4 ஜிபிக்கு மேற்பட்டதை ஏற்கவில்லையென்றால், பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

போனில் அழிக்குமுன் அனுப்பிய கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். விண்டோஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் இரண்டும் தெரியும். கடைசி வீடியோவைத் திறந்து இறுதி நொடிவரை ஓடுகிறதா என்றும் பாருங்கள், பாதியில் அறுந்தது பெரும்பாலும் கடைசிக் கோப்பாகத்தான் இருக்கும். அதன்பின் அழியுங்கள். குயிக் ஷேரிலோ ஏர்டிராப்பிலோ ‘எவ்ரிவன்’ என்று திறந்து வைத்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.