முதலீட்டாளரிடம் போகுமுன் நெல்லுக் கணக்கைச் சரிபாருங்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நெல்லாலைக்கு வெளிநாட்டுப் பணம் கேட்டு எழுதும் அறிக்கையில் முதலில் சறுக்குவது விளைச்சல்தான். "ஏக்கருக்கு 100 புசல்" என்று போட்டுவிடுவார்கள். ஒரு புசல் 20.9 கிலோ, ஏக்கருக்கு 2,090 கிலோ, ஹெக்டயருக்கு 5,160 அளவில் வரும். சரி, அது ஈரநெல்லா, காய்ந்ததா? 20% ஈரத்தில் 1,000 கிலோ, 14%க்குக் காயும்போது 930 கிலோவாகும். 65% அரிசி தேறினால் 605 கிலோ. ஈரத்தை மறந்தால் 650 என்று வரும். அந்த 45 கிலோவை எந்த ஆலையும் தராது. யாராவது மூடைக் கணக்குச் சொன்னால், எத்தனை கிலோ மூடை என்று அங்கேயே கேட்டு எழுதுங்கள்.

காணிக் கணக்கு இதைவிடச் சிக்கல். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வரம்பைக் கழித்த தேறிய பரப்புக்கே விளைச்சல் சொல்கிறது. அதைக் கமநல சேவை நிலையத்துப் பதிவுக் காணியால் பெருக்கினால் வரம்பிலும் நெல் விளைந்துவிடும்! மானியம் ஏக்கர்ப்படி கிடைப்பதால் பதிவு கூடி நிற்கவும் இடமுண்டு. ஆகவே வயல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையிடம் விதைத்த ஏக்கரைக் கேளுங்கள். அறுவடை மெசின்காரர் கூலி வாங்கிய ஏக்கரோடு ஒப்பிடுங்கள். இடைவெளி 10%ஐத் தாண்டினால் குறைந்ததையே எழுதுங்கள்.

2021/22 பெரும்போகத்தை ஒருபோதும் அடியாண்டாக, அதாவது மற்ற ஆண்டுகளை ஒப்பிடும் ஆண்டாக, வைக்க வேண்டாம். 2021இல் வந்த இரசாயன உரத் தடையால் படுத்த போகம் அது. அதற்கடுத்த ஏற்றம் மீட்சிதான், வளர்ச்சியல்ல. சிறுபோகத்தைத் தனியே காட்டுங்கள்.

படிப்பவர் நம் எண்களைச் சந்தேகத்தோடுதான் திறப்பார். நைஜீரியா 2014இல் அடியாண்டை மாற்றியதும் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி 89% கூடியது. கானாவில் 2010இல் ஏறத்தாழ 60%. அந்த ஏற்றத்தால் புதிதாக ஓர் ஆலைகூட எழவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. நம்மிடமும் ஓட்டை உண்டு: 2001 குடிசன மதிப்பு மட்டக்களப்பில் முழுதாக நடக்கவில்லை. 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட சனத்தொகையை "மதிப்பீடு" என்றே குறியுங்கள்.

முதலீட்டுச் சபை அங்கீகரித்த தொகையை வந்த பணமாக எழுதாதீர்கள். டொலருக்குத் திகதி போடுங்கள்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதம் 360 அளவில். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகு, போகம், ஈரமா காய்ந்ததா, சொன்னது யார் என்று ஒரு நிரல் வையுங்கள். அந்த நிரல் வெறுமையானால் எண்ணை வெட்டிவிடுங்கள்.