தேங்காய்ப்பால் இயந்திரத்தின் திருகு: பழையதைப் பார்த்துப் புதியது செய்வதில் எங்கெங்கே சறுக்கும்?

சிங்கப்பூரின் செனோக்கோவில் உணவுத் தொழிற்சாலை நடத்தும் ஒருவர், சாக்கில் சுற்றிய திருகு ஒன்றைத் தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தார். தேங்காய்த் துருவலைப் பிழிந்து பாலெடுக்கும் இயந்திரத்தின் திருகு. பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். கடைசிப் புரி ஓரிடத்தில் பிய்ந்து, மிச்சமிருந்த விளிம்பு கத்தியைப்போல் மெலிந்திருந்தது. “இதே மாதிரி ஒன்று செய்துகொடுங்கள் அண்ணே” என்றார்.

இதே மாதிரி செய்துகொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வருவார், சண்டைக்கு. பத்தாண்டு தேய்ந்ததை அப்படியே நகலெடுத்தால் பத்தாண்டு தேய்ந்த புதுத் திருகுதான் கிடைக்கும். காக்கி புக்கிட்டில் எங்கள் சிறு பட்டறையில் நிற்கும் ஐந்து அச்சு சிஎன்சி, அதாவது ஐந்து அச்சுகளில் நகர்ந்தும் சுழன்றும் கணினி நிரல்படி வெட்டும் இயந்திரம், தவறான அளவைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வெட்டித்தள்ளும். நான் செய்த தவறுகள், பிறர் செய்யப் பார்த்த தவறுகள் எல்லாவற்றையும் கலந்தே எழுதுகிறேன்.

அளவெடுப்பதில்

இந்தத் திருகின் வேலையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். துருவல் ஒரு முனையில் விழுகிறது. புரி அதை முன்னே தள்ளுகிறது. போகப்போகப் புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் ஆழம் குறைந்து, அகலமும் குறுகுகிறது. இடம் குறையக் குறையத் துருவல் நசுங்கி, சுற்றியிருக்கும் துளையிட்ட கூட்டின் வழியே பால் வடிகிறது, சக்கை மறுமுனையில் வெளியேறுகிறது. ஆகவே அடித்தண்டு ஒரே விட்டமாக இருக்காது, ஒரு சுற்றுக்குப் புரி முன்னேறும் தூரமும் ஒன்றாக இருக்காது. அந்தத் தூரத்தைப் பட்டறையில் ‘லீட்’ என்போம்.

சாதாரணக் கடத்தித் திருகு என்றால் பத்துச் சுற்றின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்துவிடலாம். பிழை குறையும், நல்ல வழிதான். அதே பழக்கத்தைப் பிழியும் திருகுக்குக் கொண்டுவந்தால் வேலை கெட்டது. 60 மில்லிமீட்டரில் தொடங்கி 40-இல் முடியும் லீட்டைச் சராசரி எடுத்து 50 என்று வெட்டினால், திருகு பார்க்க அழகாக இருக்கும். துருவல் தள்ளப்படும், ஆனால் சக்கை ஈரமாகவே வெளியே வரும். ஒவ்வொரு சுற்றையும் தனியாக அளக்க வேண்டும்.

அளப்பதும் புரியின் எந்தப் பக்கத்தை? துருவலைத் தள்ளுவது சக்கை வெளியேறும் திசையைப் பார்த்திருக்கும் முன்பக்கம், அதனால் அது தேய்ந்திருக்கும். பின்பக்கம் பெரும்பாலும் முதலில் வெட்டியவன் விட்டுச்சென்ற நிலையிலேயே இருக்கும். பழைய திருகை இயந்திரத்திலேயே இரு மையங்களுக்கு நடுவில் ஏற்றி, நுண்ணளவு காட்டும் டயலைப் பின்பக்கத்தில் தொட்டு, 90 பாகைக்கு ஒருமுறை சுழற்றி நீளவாக்கு அளவைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். ஒரு மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் பொறுமையிழப்பார்கள், இழக்கட்டும்.

இப்போது சிலர் முப்பரிமாண ஸ்கேன் கோப்போடு வந்துவிடுகிறார்கள். நல்ல கருவி, குறை சொல்லவில்லை. ஆனால் தேய்மானம், வீக்கம், முன்பு யாரோ வெல்டிங் வைத்து நிரப்பிய மேடு எல்லாவற்றையும் அது சமமாக நம்பிப் பதிவுசெய்கிறது. செனோக்கோ திருகில் மூன்றாவது புரி மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் தடித்திருந்தது. அது வடிவமைப்பு அல்ல, பழுதுபார்த்தவரின் கைவேலை.

அளவு எந்த முறையில் பிறந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் சில அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. 63.3, 63.6 என்று வந்தால் 63 என்று முழுதாக்காதீர்கள். அது இரண்டரை அங்குலம், அதாவது 63.5. சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் என்றால் எட்டுச் சுற்றில் நான்கு மில்லிமீட்டர்.

வெளிவிட்டத்தைப் பழைய திருகிலிருந்து எடுக்கவே கூடாது. கூட்டின் உள்விட்டத்தை அளந்து, அதிலிருந்து இடைவெளியைக் கழித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கூடு வேண்டும் என்று கேட்டபோது அவர் தயங்கினார், கழற்றுவது சிரமமாம். நானே ஞாயிற்றுக்கிழமை போய்ப் பல இடங்களில் உள்விட்டம் அளந்துவந்தேன். கீழ்ப்பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

வலமா, இடமா

சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரு திருகு முழுவதையும் எதிர்க்கையில் வெட்டியவர்கள் இந்தத் தீவில் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள். நம்மிடம் வலம்புரி, இடம்புரி என்று அழகான சொற்கள் உண்டு. சங்கை வைத்து வந்த அந்தச் சொற்களைப் பட்டறையில் நம்ப வேண்டாம். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை உயிரியலார் இடச்சுழி என்றே வகைப்படுத்துகிறார்கள். பட்டறைக் கணக்கு எளிது. திருகைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்கு நேரே தெரியும் புரி வலப்பக்கம் ஏறினால் வலக்கை, இடப்பக்கம் ஏறினால் இடக்கை. தலைகீழாக நிறுத்தினாலும் இது மாறாது.

குழப்பம் பெரும்பாலும் நிரலில்தான் வருகிறது. சுழலும் ‘ஏ’ அச்சின் நேர்த்திசை எது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடலாம். கணினித் திரையில் சரியாகத் தெரிந்தது இயந்திரத்தில் கண்ணாடி பிம்பமாகிவிடும். விலையுயர்ந்த எஃகைத் தொடுவதற்கு முன் ஒரு நைலான் தண்டை மாட்டி, மேலோட்டமாக ஒரு கோடு மட்டும் கீறிப் பழைய திருகின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விலை ஒரு முழு எஃகுத் தண்டு.

வேகம் என்ற ஒற்றை எண்

அச்சு ஒன்று நேராக நகர, இன்னொன்று சுழலும்போது, நிரலில் எழுதும் ஊட்டு வேகம், அதாவது வெட்டிக்கொண்டே முன்னேறும் வேகம், எதைக் குறிக்கிறது? 80 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 60 லீட் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கருவி ஒரு சுற்றில் புரியின் வெளிவிளிம்போடு பயணிக்கும் உண்மையான தூரம் ஏறத்தாழ 258 மில்லிமீட்டர். நேர் அச்சு நகர்வதோ 60 மட்டுமே. நிமிடத்துக்கு 300 என்று எழுதியதை நேர் அச்சுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டில், சுற்று 12 விநாடியில் முடிந்துவிடும். அப்படியானால் எஃகு கருவியைச் சந்திக்கும் வேகம் நிமிடத்துக்கு 1,290 மில்லிமீட்டர். நான்கு மடங்குக்கும் மேல். கருவி முறிந்த பிறகு ‘எஃகு சரியில்லை’ என்று பேசிக்கொள்வார்கள்.

இதற்காகத்தான் ‘ஜி93’ என்னும் தலைகீழ் நேரக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நகர்வும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்பதை, ஒரு நிமிடத்தை அந்த நேரத்தால் வகுத்த எண்ணாக அதில் சொல்கிறோம். நிமிடத்துக்கு 300 என்ற வேகத்தில் முழுச் சுற்றுக்கு எண் 1.16. கணினி மென்பொருள் சுற்றைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி எண் எழுதிவிடும், அது கவலையில்லை. கவலை முடிவில்தான். சாதாரண முறைக்குத் திரும்ப ‘ஜி94’ எழுத மறந்து, கையால் ‘எஃப்300’ என்று ஒரு வரி சேர்த்தால், அந்த நகர்வை நிமிடத்தில் முந்நூறில் ஒரு பங்கில், அதாவது 0.2 விநாடியில் முடிக்கச் சொல்கிறோம். இயந்திரம் தன் முழு வேகத்தில் பாயும். நான் பார்த்திருக்கிறேன், கைகள் குளிர்ந்துபோயின.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். எட்டுச் சுற்று வெட்டி முடித்ததும் ‘ஏ’ அச்சு 2,880 பாகையில் நிற்கும். சுழியத்துக்குத் திரும்பச் சொன்னால் சில அமைப்புகளில் எட்டுச் சுற்றையும் அவிழ்க்கும். அந்த நேரத்தில் கருவி பள்ளத்துக்குள்ளேயே இருந்தால் புரிகள் எல்லாம் போச்சு. முதலில் கருவியை மேலே தூக்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத அடிவெட்டு

நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது இது. வெளிவிட்டம் 80, அடித்தண்டு 50. லீட் இரண்டுக்கும் ஒன்றே, 60. ஆனால் சுருள் கோணம் ஒன்றல்ல. வெளிவிளிம்பில் 13.4 பாகை, அடியில் 20.9 பாகை. வட்டம் சிறுக்கச் சிறுக்கப் புரி செங்குத்தாக ஏறுகிறது. மலைப்பாதையின் உள்வளைவு வெளிவளைவைவிடச் செங்குத்தாக இருப்பதுபோல.

இப்போது 12 மில்லிமீட்டர் எண்ட்மில் என்னும் உருளை வெட்டுக்கருவியை மையத்தை நோக்கி நிறுத்தி, வெளிவிட்டத்துக்குக் கணக்கிட்ட அதே பாதையில் ஆழமாக இறக்கினால் என்ன ஆகும்? கருவி உருளை என்பதால், அடியில் கோணம் கூடக்கூட நீளவாக்கில் அது தின்னும் அகலமும் கூடும். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மில்லிமீட்டர். மேலே 6 மில்லிமீட்டர் தடித்த புரி, அடியில் ஐந்தரைதான். வளையும் விசை உச்சத்தில் இருக்கும் வேரில்தான் அது மெலிகிறது. மேலிருந்து வெர்னியரில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். வெளியே தெரியவே தெரியாது.

தட்டையாக வரைந்த பாதையைத் தண்டின்மேல் சுற்றும் மென்பொருள் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் அகப்படுவார்கள். ஒவ்வொரு ஆழத்துக்கும் அந்த ஆழத்தின் விட்டத்தை வைத்துப் பாதை கணக்கிட வேண்டும், அல்லது புரிச்சுவரின் சாய்வுக்கேற்பக் கருவியைச் சாய்க்க வேண்டும். ஐந்தாவது அச்சுக்குக் கொடுத்த காசு இங்கேதான் வசூலாகும். வேரில் கூர்மூலையும் வேண்டாம். நான் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த வளைவு வைப்பதில்லை. விரிசல் தொடங்கும் இடமும் அதுதான், கழுவிய பிறகும் துருவல் ஒட்டிக்கொண்டு புளிக்கும் இடமும் அதுதான்.

தண்டு வளைவது

700 மில்லிமீட்டர் நீளத் தண்டில் பள்ளம் தோண்டும்போது, உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் ஒருபக்கமாக விடுபட்டுத் தண்டு வளையும். ஒரு புரியை முழு ஆழத்துக்கு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முழு நீளத்தையும் அடுக்கடுக்காக இறக்கி, முரட்டு வெட்டு முடிந்ததும் பிடியைத் தளர்த்தி மூச்சுவிடச் செய்து, டயலில் ஆட்டம் பார்த்து, மையத் துளைகளையும் பேரிங் அமரும் இடங்களையும் மறுபடி திருத்திய பிறகே முடிப்பு வெட்டு.

சூடும் சேர்ந்துகொள்ளும். 316 ரகத் துருவேறா எஃகு மீட்டருக்கு, ஒரு செல்சியஸ் பாகைக்கு ஏறத்தாழ 16 மைக்ரான் நீளும். வெட்டும்போது 20 பாகை ஏறினால் நம் தண்டு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இறுகப் பூட்டியிருந்தால் போக இடமின்றி நடுவில் வில்லாக வளையும். மதியச் சாப்பாட்டுக்குப் போகுமுன் சரியாக இருந்த தண்டு, திரும்பி வந்து பார்க்கும்போது மாறியிருப்பதற்கு இதுதான் காரணம். வேறு மாயம் இல்லை.

இந்த எஃகு தேய்க்கத் தேய்க்க இறுகும் குணமுடையது. மழுங்கிய கருவியோடு நூலிழை நூலிழையாகச் சுரண்டுவதைவிட, கூரான கருவியால் துணிந்து சற்று ஆழமாக வெட்டுவது மேல்.

கடினப்படுத்தச் சொல்லும்போது

“சீக்கிரம் தேயாதபடி நைட்ரைடிங் செய்துவிடுங்கள்” என்றார் செனோக்கோக்காரர். மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கும் முறை அது. பிளாஸ்டிக் உருக்கும் திருகுகளுக்கு நல்ல வழிதான். 316-க்கு வழக்கமான முறையில் அதைச் செய்தால், துருவைத் தடுக்கும் குரோமியம் நைட்ரஜனோடு போய்ச் சேர்ந்துவிடும். மேற்பரப்பு கடினமாகும், ஆனால் குளோரின் கலந்த நீரில் கழுவும் உணவுக்கூடத்தில் அது சில நாளில் பழுப்பேறும். புரியின் உச்சியில் மட்டும் கோபால்ட் கலவையை வெல்டிங்கில் ஏற்றலாம், ஆனால் அது முடிப்பு வெட்டுக்கு முன்பே நடக்க வேண்டும். முடிந்த திருகில் வெல்டிங் வைத்தால் வாழைப்பழமாகிவிடும்.

கடைசியில் மெருகேற்றுவது. உணவு படும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்காகச் சுழலும் திருகின்மேல் உப்புத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தக் கட்டுரையிலேயே மிகப் பெரிய தவறு. சாதாரணத் தண்டு துணியை உதறும். திருகோ பிடித்து, புரி வழியே இழுத்துக்கொண்டு போகும், அதுதானே அதன் பிறவித் தொழில். கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசம். நிறுத்திவைத்துக் கையால் மெருகேற்றுங்கள், நேரமாகட்டும்.

செனோக்கோவில் பொருத்தப் போனபோது பழைய திருகு ஏன் பிய்ந்தது என்பதும் தெரிந்தது. கியர்பெட்டிப் பக்கத்து பேரிங் தளர்ந்து, தண்டு கீழே தொங்கிக் கூட்டை உரசிக்கொண்டிருந்தது. கூட்டின் கீழ்ப்பக்கம் நீள்வட்டமானதும் அதனால்தான். பேரிங்கையும் கூட்டையும் மாற்றும்வரை திருகைப் பொருத்த மாட்டேன் என்றேன். முகம் வாடினாலும் மாற்றினார். எல்லாம் கூட்டியதும், ஆள் ஒருவர் வெறுமனே ஓட்டிப் பார்க்கப் பொத்தானுக்குக் கை நீட்டினார். தடுத்தேன். துருவேறா எஃகும் துருவேறா எஃகும் வறட்சியாக உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். இரண்டு வாளி ஈரத் துருவலைக் கொட்டிய பிறகே இயந்திரத்தை ஓடவிட்டோம்.