வீடியோ எடிட்டிங்குக்கு டெஸ்க்டாப் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் ஃபுட்டேஜைப் பாருங்கள்

எடிட்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது "பிராசஸர் ஐ7 வாங்கலாமா, ரைசன் 7 வாங்கலாமா?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: எந்தக் கேமராவில் எடுத்த, என்ன மாதிரி ஃபைலை எடிட் செய்யப் போகிறீர்கள்? இது தெரியாமல் எவ்வளவு செலவு செய்தாலும் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்) திக்கித் திணற வாய்ப்பு இருக்கிறது. தெரிந்துவிட்டால் நடுத்தரமான கணினியிலேயே வேலை வழுக்கிக்கொண்டு போகும்.

படி 1: ஒரு கிளிப்பைத் திறந்து படியுங்கள்

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் போனிலோ கேமராவிலோ எடுத்த கிளிப் ஒன்றை அதில் இழுத்துப் போடுங்கள். வரும் பட்டியலில் நான்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபார்மட் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஏவிசியா ஹெச்இவிசியா, பிட் டெப்த் (நிறச் சாயல்களின் நுணுக்கம்) 8ஆ 10ஆ, க்ரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தை எவ்வளவு சேமிக்கிறது என்பது) 4:2:0வா 4:2:2வா, பிட் ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு) எவ்வளவு.

ஏவிசி என்பது எச்.264, ஹெச்இவிசி என்பது எச்.265. இரண்டுமே இடத்தை மிச்சப்படுத்த ஒரு வழியைக் கையாளுகின்றன. எல்லா ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழு ஃபிரேம், நடுவில் வருபவற்றுக்கு மாற்றங்கள் மட்டும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது இதனால் சிரமம் இல்லை. எடிட்டிங்கில் நாம் அப்படியா பார்க்கிறோம்? ஒரு வெட்டு சரியாக விழுந்ததா என்று முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் கணினி பக்கத்தில் உள்ள முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டு நீங்கள் நிற்கும் ஃபிரேமை உருவாக்க வேண்டும். பிளேயரில் அழகாக ஓடும் வீடியோ டைம்லைனில் மட்டும் தடங்குவது இதனால்தான்.

படி 2: அந்த ஃபைலை எந்தச் சிப் புரிந்துகொள்ளும்?

இந்தக் கணக்கைப் போடவே கிராபிக்ஸ் சிப்புகளுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் ஃபைல் வகை அதற்குத் தெரிந்தால் வேலை லேசாக முடியும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும்.

8 பிட் 4:2:0 என்றால் கவலையே இல்லை, சமீபத்திய சிப்புகள் எல்லாமே பார்த்துக்கொள்ளும். சிக்கல் 10 பிட் 4:2:2வில் வருகிறது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல இதில் பதிவு செய்கின்றன. இதில் ஹெச்இவிசி ஃபைல் என்றால், இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் 11ஆம் தலைமுறை முதல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அதைக் கையாளும். க்விக் சிங்க் என்பது அந்த வசதியின் பெயர். என்விடியாவிலோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2வுக்கு ஆதரவு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் 4090 எவ்வளவு பெரிய கார்டாக இருந்தாலும் இந்த ஒரு வேலை அதற்கு வராது.

இங்கே ஒரு எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால், அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, க்விக் சிங்க்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கேம் விளையாடுபவர்களுக்கு நல்ல தேர்வுதான். எடிட்டிங்குக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

படி 3: மென்பொருளை முடிவு செய்யுங்கள்

எடிட்டிங் மென்பொருள்களில் டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. நிறத்தைச் சீராக்கும் கலர் கிரேடிங், படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் அதன் மேல்தான் ஓடும். பிரீமியர் புரோ பிராசஸரையும் கார்டையும் கலந்து பயன்படுத்தும். எஃபெக்டும் அனிமேஷனும் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ரேமை விழுங்கும். எதில் அதிக நேரம் உட்காரப் போகிறீர்களோ, பணத்தை அந்தப் பக்கம் சாயுங்கள்.

படி 4: பிராசஸர், ரேம், கார்டு

பிராசஸரில் 8 கோர் அளவில் இருந்தால் தொடங்குபவருக்குப் போதும்.

ரேம் 1080பிக்கு 16 ஜிபி, 4கேவுக்கு 32 ஜிபி. 32 வாங்கும்போது 16 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது வேகம் கூடும். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் நாளைக்கு 64 ஆக்கிக்கொள்ளலாம்.

கார்டில் பெயரைவிட அதன் சொந்த மெமரியைப் பாருங்கள். 4கேவுக்கு 8 ஜிபியாவது வேண்டும். ரிசால்வில் நாய்ஸ் ரிடக்‌ஷனும் இரண்டு மூன்று எஃபெக்டும் போட்ட பிறகு, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) மெமரி நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால் வேலை அங்கேயே நிற்கும்.

மேக் வாங்க நினைப்பவர்களுக்கு: எம் வரிசைச் சிப்புகள் ஹெச்இவிசி 4:2:2வை நன்றாகவே கையாளும். ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

படி 5: சேமிப்பைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

படி 1இல் குறித்த பிட் ரேட் இப்போது உதவும். ஒரு 4கே கிளிப் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஷூட் செய்கிறீர்கள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். அதே 4கேவை, எடிட்டிங்குக்கு எளிதான ஆனால் பெரிய ஃபைல் வடிவமான புரோரெஸ் 422 ஆக மாற்றினால், நொடிக்கு 30 ஃபிரேமில், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 265 ஜிபி ஆகிவிடும்.

நான் சொல்லும் ஏற்பாடு இது: விண்டோஸும் மென்பொருளும் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியில் (வேகமான சேமிப்புக் கருவி), ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டும் கேஷ் ஃபைல்களும் (மென்பொருள் தற்காலிகமாக உருவாக்குபவை) இன்னொன்றில், முடிந்துபோனவை பெரிய ஹார்டு டிஸ்கில். ஆகவே மதர்போர்டில் அந்த எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்டு டிஸ்கிலிருந்தே நேராக எடிட் செய்ய வேண்டாம். மூன்று நான்கு கிளிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கச் சொன்னால் அது அங்கும் இங்கும் தேடித்தேடியே களைத்துவிடும். அப்புறம், முக்கியமான ஃபுட்டேஜுக்கு வேறொரு டிஸ்கில் நகல் கட்டாயம்.

படி 6: கண்ணில் படாதவை

எக்ஸ்போர்ட் (முடித்த எடிட்டை வீடியோ ஃபைலாக எழுதுவது) என்பது பிராசஸரும் கார்டும் நீண்ட நேரம் முழு மூச்சில் ஓடும் வேலை. கேபினெட்டில் காற்றோட்டம் இல்லாவிட்டால் சூடேறி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் சப்ளையில் 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான) முத்திரை உள்ளதாக, நடுத்தரக் கார்டுக்கு 650 வாட் அளவில் எடுங்கள். மானிட்டர் ஐபிஎஸ் பேனலாக, எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பை 100 சதவீதம் காட்டுவதாக இருக்கட்டும். நிறமே தப்பாகத் தெரியும் திரையில் கிரேடிங் செய்து பயனில்லை.

படி 7: பணம் கொடுக்கும் முன் சோதியுங்கள்

உங்கள் கிளிப்பை எஸ்எஸ்டியில் எடுத்துக்கொண்டு, வாங்க நினைக்கும் கணினியிலோ அதைப் போன்ற நண்பரின் கணினியிலோ டைம்லைனில் போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறந்தால் வீடியோ டிகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். கிராபிக்ஸ் சிப் இரண்டு இருந்தால் இரண்டையும் பாருங்கள். கிளிப் ஓடும்போது ஏதாவது ஒன்றில் அந்தக் கோடு ஏறினால் சரி. இரண்டிலும் அசையாமல் கிடந்து சிபியு மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டால், அந்தக் கணினியோ அந்த மென்பொருளோ உங்கள் ஃபைலுக்குச் சரிப்படவில்லை.

பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். பவர் சப்ளையிலும் எஸ்எஸ்டியிலும் கை வைக்காதீர்கள். இன்னும் இடித்தால் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, இருக்கும் கணினியிலேயே ப்ராக்ஸி (அசலுக்குப் பதிலாக எடிட் செய்யும் சிறிய நகல்) உருவாக்கி எடிட் செய்யுங்கள். பிரீமியரிலும் ரிசால்விலும் அந்த வசதி இருக்கிறது. கால் பங்கு அளவில், புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவில் உருவாக்கிக்கொள்ளுங்கள். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம் என்பதால் பழைய கணினியிலும் இழுத்த இடத்துக்கு வந்து நிற்கும். எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் அசல் ஃபைலையே எடுத்துக்கொள்ளும், தரம் குறையாது.