லைசன்ஸ் விலையை மட்டும் பார்த்து மென்பொருள் வாங்காதீர்கள்

கிள்ளானில் லாரி நிறுவனம் நடத்தும் அண்ணன் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என் முன்னால் இரண்டு கொட்டேஷன்களை விரித்து வைத்தார். ஒன்று மூன்று பக்கம்: லைசன்ஸ் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு, ஒவ்வொரு பயனருக்கும் தனித் தொகை. இன்னொன்று ஒரே பக்கம், திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளுக்கு, அதாவது மூலக் குறிமுறை (சோர்ஸ் கோட்) எல்லோருக்கும் திறந்திருப்பது. லைசன்ஸ் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம். "தம்பி, சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு எதுக்கு இதுக்குக் காசு கொடுக்கணும்?" என்று கேட்டார்.

பல வருடங்களாகக் கோலாலம்பூரில் நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். இதே கேள்வி தலைகீழாகவும் என்னிடம் வந்திருக்கிறது: "சும்மா கிடைக்கிறதை நம்பி எப்படிக் கம்பெனி நடத்துறது?" இரண்டுமே தப்பான இடத்தில் தொடங்குகின்றன. ராத்திரி பத்து மணிக்கு அது படுத்துவிட்டால் யார் வந்து நிற்பார்கள்? நாளைக்கு இது வேண்டாம் என்றால் நம் தகவல்களை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா? கேட்க வேண்டியது இந்த இரண்டைத்தான். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இவற்றைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

பூஜ்யத்தை இலவசம் என்று படிப்பது

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் பழையது. தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகான பெயரும் இருக்கிறது. அப்படியிருந்தும் பேச்சில் நாம் எல்லாவற்றையும் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கட்டு இல்லை என்றால் பார்க்கலாம், மாற்றலாம், வேறு ஆளிடம் கொடுத்துப் பராமரிக்கலாம். செலவே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

செலவு எங்கே இருக்கிறது என்றால், காலண்டரில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. அதற்குள் யாராவது உட்கார்ந்து மேம்படுத்த வேண்டும். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இல்லாமல் அதே சர்வரில் சம்பளக் கணக்கை ஓட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். சென்ட்ஓஎஸ் 8இன் கதை இன்னும் கசப்பு. 2029 வரை இருக்கும் என்று நம்பி மாறியவர்களுக்கு, 2021 கடைசியோடு முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் அந்த இடத்தை நிரப்பியதால் பலர் தப்பித்தார்கள். ஆனால் மாற்றி வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததே, அந்த ஆளின் சம்பளம்தான் கொட்டேஷனில் இல்லாத வரி.

பேக்அப் ஓடுகிறது என்று நம்புவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தினமும் இரவு இரண்டு மணிக்கு பேக்அப். எடுப்பது வேறொரு சிறிய சர்வர். ஒரு நாள் முக்கிய சர்வரின் வட்டு போனது. பதற்றமில்லாமல் பேக்அப் கோப்புறையைத் திறந்தோம். நேற்றைய கோப்பு இருந்தது. முந்தின நாளுடையதும் இருந்தது. தேதி எல்லாம் வரிசையாக, ஒரு நாள்கூட விடுபடவில்லை. அப்புறம்தான் அளவு என்ற பத்தியைப் பார்த்தோம். 20 பைட். அதற்கு மேலே 20 பைட். அதற்கும் மேலே 20 பைட்.

நடந்தது இதுதான். நான்கு மாதங்களுக்கு முன்னால் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தியிருந்தார்கள். பேக்அப் எடுக்கும் சர்வரில் இருந்த பிஜி-டம்ப் கருவி பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. தன்னைவிடப் புதிய டேட்டாபேஸிலிருந்து எடுக்க அந்தக் கருவி மறுத்துவிடும். அது சரியான நடத்தைதான். ஆனால் அதன் வெளியீட்டை ஜிசிப்புக்கு அனுப்பிச் சுருக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமே வராவிட்டாலும் ஜிசிப் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கும், அதன் அளவு 20 பைட். ஸ்கிரிப்ட் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும் பார்த்து 'வெற்றி' என்று பதிவு செய்தது. நான்கு மாதம், ஒவ்வொரு இரவும்.

மின்னஞ்சலில் போன பிடிஎஃப்களையும் கோப்பில் கிடந்த காகிதங்களையும் வைத்து மூன்று வாரம் திரும்ப உள்ளிட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்கா பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டு இரவில் மறுபடி வருவார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்போது அங்கே எல்லோரும் சொன்னது, "ஓப்பன் சோர்ஸ் போட்டதால் வந்த வினை." நான் ஒப்புக்கொள்ளவில்லை. விலை கொடுத்து வாங்கிய டேட்டாபேஸிலும் இதே ஸ்கிரிப்ட் இதே போல ஏமாற்றும். எடுத்த பேக்அப்பை யாரும் திரும்ப ஏற்றிப் பார்க்கவில்லை, அதுதான் தவறு. மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் முழுதாக ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதுவரை உங்களிடம் பேக்அப் இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

சப்போர்ட் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

பெரிய நிறுவன மென்பொருளை வாங்குபவர்கள் முக்கியமாக வாங்குவது நிம்மதியைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் 'நான்கு மணி நேரம்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது பதில் தரும் நேரமா, தீர்வு தரும் நேரமா என்று பாருங்கள். பெரும்பாலும் பதில் நேரம்தான். "உங்கள் புகார் கிடைத்தது, எண் இது" என்ற மின்னஞ்சல் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது. அந்த நேரம் எந்த நாட்டு வேலை நேரப்படி கணக்கு, நம் பொது விடுமுறையில் ஆள் இருப்பார்களா, இதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை டாலரில் இருந்தால் ரிங்கிட் சரியும்போது என்ன ஆகும் என்பதையும், வெளிநாட்டுச் சந்தாவின் மேல் வரும் 8% சேவை வரியையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்றைய நிபந்தனை நாளைக்கும் இருக்கும் என்று நினைப்பது

இது இரு பக்கமும் நடக்கும் தவறு. ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளைச் செய்யும் விஎம்வேரை, 2023 நவம்பரில் பிராட்காம் என்ற நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸ் விற்பனை நின்று எல்லாம் சந்தாவானது. ஆரக்கிள் 2023 ஜனவரியில் தன் ஜாவா சந்தாவை ஊழியர் எண்ணிக்கையின்படி கணக்கிடத் தொடங்கியது. கணினியையே தொடாத லாரி ஓட்டுநரும் அந்தக் கணக்கில் வருவார். (ஜாவாவின் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயிலிருந்து வரும் டெமுரின், கொரெட்டோ போன்றவற்றுக்கு மாறினால் அந்தக் கட்டணம் கிடையாது. பலருக்கு அந்த மாற்றமே போதும்.)

திறமூலப் பக்கமும் சுத்தமில்லை. மோங்கோடிபி டேட்டாபேஸ் 2018இல் லைசன்ஸை மாற்றியது. தேடல் கருவி எலாஸ்டிக்சர்ச் 2021இல், சர்வர்களை அமைத்துத் தரும் டெராஃபார்ம் 2023இல், இன்னொரு டேட்டாபேஸான ரெடிஸ் 2024இல். நான்கில் ஒவ்வொன்றின் உரிமையையும் அதனதன் நிறுவனம் ஒன்றே கையில் வைத்திருந்தது. ஆகவே லைசன்ஸ் பெயரோடு நிறுத்தாமல், குறிமுறை யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை. நான் அதை முதலில் பரிந்துரைக்க அது பெரிய காரணம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு, எனக்கு அது மிக முக்கியம். டெராஃபார்மின் பழைய குறிமுறை பழைய உரிமத்தில் அப்படியே இருந்ததால் அதிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது. எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச், ரெடிஸிலிருந்து வால்கீ. மூடிய மென்பொருளில் அந்தக் கதவு கிடையாது.

மூலக் குறிமுறையில் கை வைப்பது

கைக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற வணிக நிர்வாக மென்பொருள்களின் மையக் கோப்புகளையே திருத்திவிடுகிறார்கள். நம் நாட்டில் இதற்கான விலை சீக்கிரம் தெரிந்துவிடும். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது, 2018 ஜூனில் பூஜ்யமானது, செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது, 2024 மார்ச்சில் சேவை வரி 8% ஆனது, அதே வருடம் ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து இ-இன்வாய்ஸ் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு போட வேண்டிய நேரத்தில், "நம்முடைய திருத்தம் அழிந்துவிடும், போட முடியாது" என்று கையைப் பிசைந்து நிற்பார்கள். தனிச் செயலியாக, தனி மாட்யூலாக எழுத அந்த மென்பொருள்களே வழி தருகின்றன. அதில் எழுதுங்கள்.

கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு), பிசிபி (மாத வருமான வரி) கழிவுகள் உள்ள சம்பள மென்பொருளை மட்டும் உள்ளூர் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கச் சொல்வேன். அந்த அட்டவணைகளைத் துரத்துவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

தமிழை ஏற்றிப் பார்க்காமல் வாங்குவது

நம்மவர்கள் நடத்தும் இடங்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். பினாங்கில் ஒரு கோயில் அலுவலகத்தில் அர்ச்சனை ரசீது அச்சாகும்போது 'கோ' என்ற எழுத்தின் இரட்டைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. கோவிந்தன் என்று பெயர் கொடுத்தவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் அது. விற்றவர்கள் திருத்தும் திட்டம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம் குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் லிபர்ஆஃபீஸிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வீஸிபிரின்ட் கருவியை ரசீது அச்சிடும் கட்டத்துக்கு மட்டும் வைத்தோம். கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

வாங்கும் முன்பே பத்துத் தமிழ்ப் பெயர்களை உள்ளிட்டு, அச்சிட்டு, சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். கேள்விக்குறிகளாக வெளியே வந்தால், பல சமயம் உள்ளே சேமிக்கும்போதே எழுத்து தொலைந்திருக்கும். பிறகு மீட்க முடியாது.

திறந்திருப்பதால் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நம்புவதும் தவறுதான். ஜாவா நிரல்கள் தங்கள் பதிவுகளை எழுதப் பயன்படுத்தும், உலகமே நம்பிய லாக்4ஜே நூலகத்தை ஒரு சில தன்னார்வலர்கள் பராமரித்து வந்தார்கள். 2021 டிசம்பரில் அதன் ஓட்டை வெளியானபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் ஒளித்து வைத்த பின்வாசலை 2024 மார்ச்சில் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், போஸ்ட்கிரெஸ் எழுதும் பொறியாளர். தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை வினாடி தாமதமாவது அவருக்கு உறுத்தியது, தோண்டிப் பார்த்தார். நீங்கள் மிச்சம் பிடித்த லைசன்ஸ் பணத்தில் ஒரு பங்கையாவது இப்படிப்பட்டவர்களுக்கு அனுப்புங்கள்.

கிள்ளான் அண்ணன் கடைசியில் சம்பளக் கணக்குக்கு விலை கொடுத்து ஒன்றை வாங்கினார். மற்றதுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட், அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் பையன் ஒருவனுக்கு மாதத் தொகை. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவன் பேக்அப்பை ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றுகிறான். அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் இருக்கும் பில் ஒன்றின் எண்ணைப் படித்து, "இதைத் திற தம்பி" என்கிறார்.