‘குழந்தைதானே, அதற்கு என்ன தெரியும்?’

எங்கள் தெருவில் ஒரு வீடு. வட்டி கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்பது வாடிக்கையாகிவிட்ட மாதங்களில், அந்த வீட்டு ஏழு வயதுப் பையன் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கினான். மூன்று வயதில் விட்ட பழக்கம். பாட்டி பாயைத் தெருவாசலில் காயப்போட்டார். நாலு பேர் பார்த்தால் வெட்கத்திலாவது நிற்கும் என்பது அவர் கணக்கு. நிற்கவில்லை. வகுப்பில் வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பதும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக் கஷ்டம் அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்ததுதான் அங்கே நடந்த முதல் தவறு. கைக்குழந்தைக்கே தெரியும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். சில நிமிடங்களுக்கே இந்தப் பாடு. கவலையில் இறுகிய முகத்தோடு மாதக்கணக்கில் சோறூட்டும் வீடுகளும் இருக்கின்றன.

பெரியவர்கள் மூடி மறைத்தால், பிள்ளை தானாக ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. அது பல நேரம் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். ஒருநாள் பையனின் அம்மா அவனை உட்காரவைத்து, “கடன் இருக்கிறது, அப்பா கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டிருக்கிறார், இதில் உன் தப்பு எதுவும் இல்லை” என்றார். அவன் கேட்டது ஒன்றுதான்: “அப்படியென்றால் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்களா?”

அடுத்த தவறு, உடம்பு காட்டும் அறிகுறியைச் சேட்டை என்று எடுத்துக்கொண்டு தண்டிப்பது. ஆபத்து என்று மூளை கருதினால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. தேர்வுக்கு முந்தைய படபடப்புபோல வந்து போனால் கெடுதல் இல்லை. ஆற்றித் தேற்ற ஆளில்லாமல் அந்த நிலை நீண்டுகொண்டே போனால்தான் தூக்கமும் கவனமும் நினைவாற்றலும் அடிவாங்குகின்றன. காது முழுக்க வாசலில் இருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி ஏறும்? மதிப்பெண் குறைந்தது என்று அடித்தால் பயம் இரட்டிப்பாகும். படுக்கை நனைவதை மட்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும்கூட இப்படித் தலைகாட்டலாம்.

கணவன் மனைவி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளில் பிள்ளையைத் தூது அனுப்புவது இன்னொரு தவறு. “உன் அப்பாவிடம் போய்ச் சொல்” என்ற ஒரு வரியில் பிள்ளை தான் யார் பக்கம் என்று முடிவுசெய்ய வேண்டியதாகிறது. அடிக்காதீர்கள் என்றால் வரும் “நாங்களெல்லாம் அடி வாங்கி வளரவில்லையா?” என்பதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் பிள்ளைக்கு அடி உதை விழுகிறது என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

கடைசியாக, படித்தவர்கள் செய்யும் தவறு. சிறுவயதுத் துயரங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அமெரிக்க ஆய்வு 1998இல் வெளியானது. சிறுவயதில் பட்ட துயரங்களை எண்ணிக் கூட்டும் அதன் கேள்விப் பட்டியலை இணையத்தில் நிரப்பிவிட்டு, ‘என் பிள்ளைக்கு மதிப்பெண் இவ்வளவு, இனி அவ்வளவுதான்’ என்று உடைந்துபோகிறார்கள். அந்த எண்ணை வைத்துத் தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே எச்சரித்திருக்கிறார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல கஷ்டங்கள் ஒருசேர வாய்த்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குச் சிறுவயதிலேயே ஒட்டுதலாக ஒருவராவது இருந்தார். பல வீடுகளில் அது தாத்தாவோ பாட்டியோ.

எங்கள் தெருப் பையனுக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை. பாய் இப்போது கொல்லைப்புறத்தில் காய்கிறது. இரவு பத்து மணிக்கு அவனை எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போவது பாட்டிதான்.